நிலையாமையும் நமது கடனும்

சென்ற மாரியில் எமது நண்பர் ஒருவரை இழந்தோம். வயது இருபத்தொன்பது, கணித ஆசிரியர். சாதாரண தரப் பரீட்சையிற் கணிதத்திற் சித்தியெய்தாத பிள்ளைகளுக்கு மாலைதோறும் ஊர் வாசிகசாலையில் ஊதியமின்றிப் பாடஞ் சொல்லிவந்தவர். டெங்குக் காய்ச்சல் கண்ட ஆறாம் நாள் அவர் உயிர் பிரிந்தது.

மரணவீட்டில் முதியவர் ஒருவர் தாயாரைத் தேற்றினார்: "அவனுக்கு ஆண்டவன் அளந்தது அவ்வளவுதான், பிள்ளை." சுற்றியிருந்தோர் தலையசைத்தனர், நாமும் அசைத்தோம். திரும்பும் வழியெல்லாம் அந்தத் தலையசைப்பு எம்மை உறுத்திற்று.

வாழ்வு குறுகியது என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். வள்ளுவர் நிலையாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் நாவடங்கிப் போகுமுன் நற்செயலை முந்திச் செய்க என்று அவர் வற்புறுத்துவதும் அதே அதிகாரத்திலேதான். நாமோ முற்கூற்றைப் பற்றிக்கொண்டு பிற்கூற்றை நழுவவிட்டோம். செயலுக்குத் தூண்டுகோலாக நின்ற நிலையாமை, செயலின்மைக்குச் சமாதானமாயிற்று.

ஆயுளை அளப்பது யார்? 1934-35 இல் இலங்கையைத் தாக்கிய மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். வரட்சியால் ஓட்டம் நின்று குட்டைகளான ஆறுகளில் நுளம்பு பெருகிற்று. பொருளாதார மந்தத்தில் வாடிய உடல்களில் நோயை எதிர்க்கும் வலுவிருக்கவில்லை. அன்று சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் விதியை நொந்துகொண்டிராது, மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். 1946 இல் ஆயிரவருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு 1947 இல் 14 ஆகக் குறைந்தது. ஓராண்டிற்குள் அத்தனைபேர் தலையெழுத்தும் மாறிவிட்டதா? நுளம்பொழிப்பும் மருத்துவ வசதியும் மக்களை எட்டின; அதுவே நிகழ்ந்தது. 2016 இல் உலக சுகாதார ஸ்தாபனம் இந்நாட்டை மலேரியா அற்றதென அறிவித்தது. ஆனால் அடுத்த ஆண்டே 1,80,000க்கும் மேற்பட்டோரை டெங்கு பீடித்தது; 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

டெங்கு நுளம்பு தேங்கிய தெளிநீரிற் பெருகுவது. எமது வாசிகசாலையின் பின்புறத்திலே பழைய ரயர்கள் மழைநீர் ஏந்திக் கிடந்தன. மாதக்கணக்காக அவற்றைக் கண்டோம். கண்டு கடந்து, உள்ளே சென்று, சமுதாய மாற்றத்தைப் பற்றி விவாதித்தோம். அங்கு பிறந்த நுளம்புதான் அவரைக் கடித்ததென எவராலும் கூறவியலாது. அதனால் எமது பொறுப்பு குறைந்துவிடுமா?

சமுதாயம் திருந்தினால் சாவு ஒழியுமென்று நாம் வாதிடவில்லை. எத்துணைச் சிறந்த சமுதாயத்திலும் இளைஞர் சிலர் இறக்கவே செய்வர். எந்தத் தத்துவமும் அத்தாயின் வெறுமையை நிரப்பாது. அந்த முதியவரும் இரக்கத்தாலன்றி வேறெதனாலும் அவ்வாறு பேசவில்லை. எனினும், இயற்கை விதித்த குறுமை வேறு; நம் அசட்டையும் சமூகத்தின் ஏற்றத்தாழ்வும் சேர்ந்து விதிக்கும் குறுமை வேறு. முன்னதற்கு அழுவோம். பின்னதையும் விதியென்று பெயரிட்டு அழுவது, இறந்தவருக்கு நாம் இழைக்கும் அநீதி.

அந்தியேட்டி கழிந்த மறுவாரம் அவருடைய மாணவர்கள் அந்த ரயர்களை அகற்றினர். மாலை வகுப்பை வேறோர் ஆசிரியர் ஏற்றுள்ளார். நண்பர் நிறுத்திய இடம் இருபடிச் சமன்பாடு. பாடம் அங்கிருந்தே தொடர்கிறது.