செத்தவருக்கு வக்கீல் இல்லை

1952 ஆகஸ்ட் கடைசியில், சென்னையிலிருந்து புறப்பட்ட போட் மெயில் ரயிலில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு டிரங்குப் பெட்டி நாறத் தொடங்கியது. மானாமதுரையில் இறக்கித் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத ஆண் உடல். தலை பிறகு ராயபுரம் கடற்கரை மணலில் அகப்பட்டது.

இறந்தவர் பெயர் ஆளவந்தார். அவருடைய கொலை வழக்கில் சாட்சியம் அசைக்க முடியாதது. தலையும் உடலும் ஒருவருடையவைதான் என்பதைச் சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆராய்ந்து சொன்னார்கள். ஆளவந்தாரின் மனைவி அடையாளம் காட்டினார். இறந்தவர் ராணுவத்தில் பணியாற்றியவர். அங்கே பதிவாகியிருந்த கைரேகையும் ஒத்துப்போனது. செத்தது யார் என்பதில் ஐயமில்லை. கொன்றது யார் என்பதிலும் பெரிய சிக்கல் எழவில்லை. எவ்வளவு தண்டிப்பது என்ற இடத்தில்தான் அறம் தடுமாறுகிறது.

குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் ஒரு தம்பதி. அந்தப் பெண்ணுக்கும் இறந்தவருக்கும் திருமணத்துக்கு முன்பே பழக்கம் இருந்தது. இறந்தவர் பெண்கள் விஷயத்தில் யோக்கியர் அல்ல என்று ஊரே பேசியது. 1953-ல் ஜூரிகளோடு வழக்கை விசாரித்த நீதிபதி ஏ.எஸ்.பி. ஐயர், ஒழுக்கத்தைப் பெரிதாக மதித்தவர். கதையும் நாடகமும் எழுதியவர். கணவனுக்கு 7 ஆண்டு, மனைவிக்கு 3 ஆண்டு என்று தீர்ப்பானது. தூக்கு இல்லை. ஊரில் பலருக்கு அதில் திருப்திதான்.

திடீரென்று மூண்ட கடும் ஆத்திரத்தில் செய்த கொலைக்குச் சட்டம் சலுகை தருகிறது. அது நியாயமான சலுகை. ஆனால் அது முதன்மையாகப் பார்ப்பது அந்த நேரத்து நடத்தையை. கொலை நடந்த அன்று அந்தத் தம்பதியின் வீட்டுக்குள் இறந்தவர் என்ன செய்தார் என்பது வழக்குக்கு வேண்டியது. அவர் எப்படிப்பட்ட ஆள் என்பது ஊர்வம்பு. இரண்டும் ஒரே தராசில் ஏறினால், யோக்கியனின் உயிருக்கு ஒரு விலை, அயோக்கியனின் உயிருக்கு ஒரு விலை என்றாகிவிடும். அந்த வீட்டுக்குள் நடந்ததைச் சொல்ல உயிரோடு மிஞ்சியவர்கள் குற்றம் சாட்டப்பட்டவர்கள்தான் என்பதையும் மறக்கக்கூடாது. தலையை அறுத்து, உடலைப் பெட்டியில் அடைத்து, ரயிலேற்றும் அளவுக்கு நிதானம் இருந்திருக்கிறது. பயத்திலும் மனிதன் அதைச் செய்வான் என்று வாதிடலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வாதத்தைச் சாட்சியத்தால் நிறுவ வேண்டும், செத்தவர்மேல் உள்ள அருவருப்பால் அல்ல.

அருவருப்பு மனித இயல்பு. நீதிபதிக்கும் அது வரும்; வந்தால் குற்றமில்லை. சாட்சியத்தால் நிரம்பாத இடத்தை அதைக் கொண்டு நிரப்பும்போதுதான் தவறு நேர்கிறது.

குற்றம் சாட்டப்பட்டவரின் பழைய கெட்ட நடத்தையைப் பொதுவாக அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று சாட்சியச் சட்டம் நெடுங்காலமாகவே சொல்கிறது. பாலியல் வன்முறை வழக்குகளில் பெண்ணின் ஒழுக்கத்தைக் கிளறி அவள் சாட்சியத்தைப் பொய்யாக்க இடம் தந்த பிரிவு பின்னர் நீக்கப்பட்டது. கொலையுண்டவரின் பெயரைக் காக்க அப்படி ஒரு தனிப் பிரிவு இன்றும் இல்லை.