அப்புச்சியோட 'ங்க' எங்க போச்சு?



இன்னைக்கு ஒரு கேள்வியோட வந்திருக்கேன். நல்லா இருந்த ஒருத்தர் திடீர்னு குணம் மாறிப் போனா, அவர் பண்ற தப்புக்கு அவர் பொறுப்பா, இல்ல அவரோட மூளை பொறுப்பா? இது புத்தகத்துல படிச்ச கேள்வி இல்ல, எங்க வீட்டுக்குள்ளயே வந்த கேள்வி. அதனால வீட்டுல இருந்தே ஆரம்பிக்கறேன்.

எங்க அம்மாவோட அப்பாவை நாங்க அப்புச்சின்னு கூப்பிடுவோம். தாராபுரம் பக்கம், ஒரு அரிசி மண்டியில 35 வருஷம் கணக்கு எழுதினவர். எங்க கொங்குப் பேச்சுல 'ங்க' நிறைய வரும்னு உங்களுக்கே தெரியும். அப்புச்சி அதுலயும் ஒரு படி மேல. மூட்டை தூக்கறவர்கிட்டயும் 'வாங்க'தான், அஞ்சு வயசுப் பையனா இருந்த என்கிட்டயும் 'சாப்பிட்டீங்களா சாமி'தான். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்ல.

போன வருஷம் அவருக்கு பக்கவாதம் வந்துச்சு. கை கால் ஓரளவு திரும்பிடுச்சு, பேச்சும் தெளிவாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த 'ங்க' மட்டும் போயிடுச்சு. பெத்த பொண்ணை கேட்க முடியாத வார்த்தையில திட்டினார். ஒரு நாள் காபி ஆறிப் போச்சுன்னு டம்ளரை எறிஞ்சார். அம்மா நெத்தியில பட்டு ரத்தம் வந்துச்சு. நான் ஓடிப் போய் அவர் கையை முறுக்கிப் பிடிச்சு, "உனக்கெல்லாம் சோறே போடக் கூடாது"ன்னு கத்தினேன். அப்புச்சியை நான் 'உனக்கு'ன்னு சொன்னது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி, பாதிப்பு எங்கன்னு சொன்னார். தினமும் விபூதி பூசறோமே நெத்தி, அதுக்கு நேர் பின்னாடி. "அவர் வேணும்னு பண்ணலைங்க. நிறுத்திக்கற இடம் அடிபட்டிருக்கு"ன்னார். அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல. மூளையைப் பத்தி தேடித் தேடிப் படிச்சேன்.

நம்ம மூளை சுமார் 1.4 கிலோ. உடம்பு எடையில 2 சதவீதம்தான், ஆனா உடம்பு செலவழிக்கற சக்தியில ஏறக்குறைய 20 சதவீதம் அதுக்கே போகுது. அடியில இருக்கற மூளைத்தண்டு மூச்சையும் இதயத் துடிப்பையும் பார்த்துக்குது. நாம தூங்கினாலும் அது தூங்காது. பின்பக்கம் கீழே சிறுமூளை. நடக்கும்போது தடுமாறாம இருக்கறது, ஊசியில நூல் கோக்கறது மாதிரி அசைவுகளை சீரா வெச்சுக்கறது அதோட வேலை. மேல இருக்கற பெரிய பகுதிதான் பெருமூளை. அதோட மேற்பரப்பை ரெண்டு பக்கமும் நாலு நாலு மடலா பிரிக்கறாங்க. பிடரிப் பக்கம் இருக்கறது பார்வைக்கு. உச்சிப் பக்கம் இருக்கறது தொடு உணர்ச்சிக்கும், நம்ம கை கால் எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கறதுக்கும். காதுக்கு மேல இருக்கறது கேட்கறதுக்கும், பேச்சைப் புரிஞ்சுக்கறதுக்கும். புது ஞாபகங்களைப் பதிய வைக்கற ஹிப்போகேம்பஸும் அதுக்கு உள்ளேதான்.

நாலாவது, நெத்திக்குப் பின்னாடி இருக்கற முன் மடல். அதோட பின் ஓரம் கை கால் அசைவுக்கு. முன் பகுதிதான் திட்டம் போடறது, பின்விளைவை யோசிக்கறது, நாக்கு நுனி வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கறது. இந்தப் பகுதி முழுசா முதிர்ச்சி அடைய 20 வயசு தாண்டி பல வருஷம் ஆகுது. இந்த ஒவ்வொரு வேலைக்கும் மத்த பகுதிகளும் சேர்ந்துதான் உழைக்குது. ஆனா ஒரு இடம் அடிபட்டா எது குறையும்னு ஓரளவு சொல்ல முடியும்.

இதை உலகத்துக்கு முதல்ல காட்டினவங்கள்ல ஒருத்தர் ஃபினியஸ் கேஜ். 1848 செப்டம்பர் 13, அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலம். ரயில் பாதைக்காக பாறையை வெடி வெச்சு உடைக்கற வேலையில அவர் மேஸ்திரி, வயசு 25. வெடிமருந்தைக் குத்தி இறுக்கும்போது அது வெடிச்சு, ஒரு மீட்டருக்கு மேல நீளமும் 6 கிலோ எடையும் இருந்த இரும்புக் கம்பி, கன்னத்துல புகுந்து மண்டைக்கு மேல வெளிய போயிடுச்சு. ஆள் பிழைச்சுட்டார். அன்னைக்கே பேசவும் செஞ்சார்! ஆனா அவருக்கு வைத்தியம் பார்த்த ஜான் ஹார்லோ எழுதி வெச்சது வேற கதை. விபத்துக்கு முன்னாடி பொறுப்பான மனுஷன். அப்புறம் கெட்ட வார்த்தை, பிடிவாதம், எடுத்த முடிவுல நிக்க முடியாத குணம். கம்பெனி பழைய வேலையைத் திருப்பித் தரல. இது பழைய கேஜ் இல்லைன்னு நண்பர்களே சொன்னாங்க.

இதைப் படிச்சதும் எனக்கு ஒரு நிம்மதி. சரி, திட்டினது அப்புச்சி இல்ல, அடிபட்ட மூளைதான். ஆனா அந்த நிம்மதி ரொம்ப நேரம் நிக்கல. கெட்டது பண்ணினா அது மூளை, நல்லது பண்ணினா அது அப்புச்சியா? 'வாங்க'ன்னு சொன்னதும் அதே முன் மடல்தானே? அப்ப நான் மதிச்ச அந்த நல்ல மனுஷன் வெறும் ரத்த ஓட்டம்தானா?

சாஃப்ட்வேர்ல வேலை பாக்கறவன் நான். ஹார்ட்வேர் கெட்டுப் போச்சு, சாஃப்ட்வேர் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லி தப்பிக்கப் பார்த்தேன். ஆனா மூளை அப்படி இல்ல. நாம எதைத் திரும்பத் திரும்ப செய்யறோமோ அதுக்கேத்த மாதிரி மூளையே மாறுது. லண்டன் டாக்சி டிரைவர்களை வெச்சு 2000-ல வெளியான ஒரு ஆய்வுல, வழிகளை ஞாபகம் வைக்க உதவற ஹிப்போகேம்பஸோட பின் பகுதி மத்தவங்களைவிட அவங்களுக்குப் பெருசா இருந்துச்சு. அதிக வருஷம் ஓட்டினவங்களுக்கு இன்னும் பெருசு.

அப்படின்னா, அப்புச்சியோட பொறுமை பிறக்கும்போதே வந்து பொருத்தினது இல்ல. மண்டியில தினமும் நூறு பேர் கத்தும்போது, தான் கத்தாம இருந்து இருந்து அவரே வளர்த்தது. மூளையில இருந்துச்சு, சரி. ஆனா அதை அங்க வளர்த்தது அவர் வாழ்ந்த வாழ்க்கை. இப்ப அது இடிஞ்சு போச்சுங்கறதுக்காக, அவர் கட்டினதே இல்லைன்னு ஆயிடுமா?

கேஜ் கதையில இன்னொரு பாதியும் இருக்கு. நிறைய பேர் அதை சொல்றதில்ல. பின்னாடி அவர் தென் அமெரிக்காவுல சிலி நாட்டுக்குப் போய், பல வருஷம் குதிரை வண்டி ஓட்டினார். பயணிகளை ஏத்தணும், பல குதிரைகளை ஒண்ணா அடக்கணும், நேரத்துக்குக் கிளம்பணும். தினமும் ஒரே ஒழுங்குல இருந்த அந்த வேலைதான் அவர் பெருமளவு தேறி வர உதவியிருக்கும்னு பிற்கால ஆய்வாளர்கள் சிலர் நினைக்கறாங்க. 1860-ல அவர் இறந்தார். அவரோட மண்டை ஓடும் அந்தக் கம்பியும் இன்னைக்கும் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி அருங்காட்சியகத்துல இருக்கு.

எனக்கு பதில் கிடைச்சது இங்கதான். உள்ளே போன ஒழுங்கை, வெளியில இருந்து கொஞ்சம் கொடுக்க முடியும். ஒருத்தரோட முன் மடல் தளர்ந்தா, பக்கத்துல இருக்கறவங்க தங்களோடதை கொஞ்ச நேரம் கடன் கொடுக்கலாம்.

எங்க வீட்டுல இப்ப சாப்பாடு, குளியல், நடை எல்லாம் தினமும் ஒரே நேரத்துல. ஒரு நேரத்துல ஒரு கேள்விதான். டம்ளர் பிளாஸ்டிக். அவர் கோபப்பட்டா எதிர்த்துப் பேசாம அஞ்சு நிமிஷம் வெளிய போயிடறோம். அம்மா மட்டுமே எல்லாத்தையும் சுமக்காம, சனி ஞாயிறு நான் ஊருக்குப் போய் பார்த்துக்கறேன். அடியும் திட்டும் வாங்கிக்கிட்டே இருக்கறது சேவை இல்ல. அவர் முழுசா மாறிடல. ஆனா தினமும் வந்த சண்டை இப்ப வாரத்துக்கு ஒண்ணு, ரெண்டுதான்.

அப்ப யார் பொறுப்பு? அன்னைக்கு அந்த அறையில ரெண்டு பேர் கத்தினோம். ஒருத்தருக்கு நிறுத்திக்கற இடம் அடிபட்டிருந்துச்சு. இன்னொருத்தனுக்கு அது நல்லா இருந்துச்சு, அவன்தான் பயன்படுத்தல. டென்ஷன், தூக்கமில்ல, ஆபீஸ் பிரஷர்னு நான் சொல்ற காரணங்கள்ல கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனா என் பொறுப்பை எடுத்துவிடற அளவுக்கு அதுல எதுவும் பெருசு இல்ல. போன மாசம் அப்புச்சிகிட்ட மன்னிப்பு கேட்டேன். அவருக்கு அந்த சம்பவமே ஞாபகம் இல்ல. எனக்கு இருக்கு, இருக்கட்டும்.

உங்க வீட்டுலயும் பெரியவங்க யாராவது திடீர்னு குணம் மாறியிருந்தா, 'வயசானா இப்படித்தான்'னு விட்டுடாதீங்க, திமிருன்னும் முடிவு கட்டிடாதீங்க. முதல்ல ஒரு நரம்பியல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

நெத்தியில தழும்போட எங்க அம்மா இன்னமும் அவர்கிட்ட, "சாப்பிட வாங்கப்பா, சோறு எடுத்து வெச்சுட்டேனுங்க"ன்னுதான் சொல்றாங்க. அப்புச்சிகிட்ட இருந்து கத்துக்கிட்ட 'ங்க' அது. அவர்கிட்ட இல்லாட்டியும், வீட்டுல இருக்கு.