பெயர் யாருக்கு?

நாம் வாழும் தானா ராத்தாவைச் சூழ்ந்த மலைநாட்டுக்குக் கேமரன் என்று பெயர். 1885இல் நில அளவைக்கு வந்த துரை அவர். அதற்கு முன்பே இம்மலையை அறிந்திருந்த ஓராங் அஸ்லி மக்களை அப்பெயர் நினைப்பூட்டுவதில்லை.

1854இல் சிங்கப்பூர் வந்த இயற்கை ஆராய்ச்சியாளர் வாலேஸ், எட்டாண்டுகள் மலாய்த் தீவுகளில் அலைந்தார். சமைக்கவும், பறவை சுடவும், தோலுரித்துப் பாடஞ்செய்யவும் அவருக்குத் துணைநின்றவர் அலி என்னும் சரவாக் மலாய் இளைஞர். 1858இல் மொலுக்கஸைச் சேர்ந்த பச்சான் தீவில் புதுமைப் பறவையொன்றைச் சுட்டுக் கொணர்ந்தவரும் அலியே. லண்டனில் கிரே என்பார் அதற்குச் சூட்டிய பெயரோ வாலேஸினுடையது!

வாலேஸ் நன்றி மறந்தவரல்லர். அலி கொணர்ந்ததைத் தம் நூலிலேயே எழுதினார். ஆயின் நூலைப் படிப்போர் சிலர். பெயரைச் சொல்வோர் பலர். ஒருவர் நேர்மையாயிருந்தும் நீதி நடவாது போவதுண்டு.

இதனைக் கூறும் நாமோ, ஆட்களை எண்ணிட்டு எழுதும் தோட்டத்துக் கிராணி. கொழுந்தின் எடை நாவிலிருக்கிறது. பறித்தவர் பெயருக்கு ஏட்டைப் புரட்டுகிறோம்.