பாய் விரிக்கும் நேரம்

வீட்டில் இணையவழி யோகப் பயிற்சி நிலைப்பதற்கு ஆர்வத்தைவிட முக்கியமானது, அது எந்த வேளையோடு இணைக்கப்படுகிறது என்பது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்தி, 2010இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. அதில் ஒவ்வொருவரும் புதிய செயல் ஒன்றை, காலை உணவு போன்ற அன்றாட நிகழ்வு ஒன்றோடு சேர்த்துச் செய்தனர். அது தன்னியல்பான பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களே போதுமாக இருந்தன. சிலருக்கு 254 வரை தேவைப்படும் எனக் கணிக்கப்பட்டது. இடையில் ஒருநாள் தவறியது பழக்கத்தைக் குலைக்கவில்லை. பாதியில் சோர்ந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். யோகத்துக்கு, பல் துலக்கிய பின்னும் காப்பிக்கு முன்னுமான வேளை பொருந்தும். வயிறும் காலியாக இருக்கும்.

தொடக்கத்தில் நேரலை வகுப்பே மேல். ஆசிரியர் பார்த்துத் திருத்துவது பதிவுக் காணொளியில் கிடைக்காது. தோள்களில் உடலைத் தாங்கி நிற்கும் சர்வாங்காசனத்தில் திரையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்புவது உண்மையான ஆபத்து. அதனால் காணொளியை முதலில் முழுதாகப் பார்த்துவிட்டு, பிறகு குரலை மட்டும் கேட்டுச் செய்வது நல்லது. உயர் இரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ உள்ளவர்களுக்குத் தலைகீழ் ஆசனங்கள் ஏற்றவை அல்ல. இறுதியில் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்துக்கு ஐந்து நிமிடமாவது ஒதுக்க வேண்டும். வீட்டு வேலை அழைக்கும்போது முதலில் விட்டுப்போவது அதுதான்.