கழுவியது எங்கே போகிறது?

ஸ்ப்ரே பெயின்ட் வேலை தெரிந்தவர்கள் ஒரு விஷயத்தைச் சலிப்போடு சொல்வார்கள். பெயின்ட் அடிக்கிற நேரம் கொஞ்சம், கழுவுகிற நேரம்தான் அதிகம். ஓட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் அடிக்கிற பெரிய கன்னுக்கே இது பொருந்தும் என்றால், பேனா அளவிலுள்ள எயார் பிரஷ்ஷுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். அழகைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். அழகை உண்டாக்கிய பிறகு கருவியைக் கழுவுவதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. எனது கேள்வி அந்தக் கழுவுதலைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், கழுவப்பட்டது எங்கே போகிறது என்பதைப் பற்றியது.

என்னிடம் படித்த தம்பி ஒருவன் சில வருடங்கள் கட்டாரில் வாகனங்களுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு ஊர் திரும்பினான். வரும்போது ஓர் எயார் பிரஷ்ஷையும் சிறிய கம்பிரஷர் ஒன்றையும் கொண்டுவந்தான். பகலில் கராஜ் வேலை, இரவில் ரயில் செய்கிறான். பொடி மெனிக்கே, உடரட்ட மெனிக்கே பெட்டிகளை பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டி, ஒவ்வொன்றையும் ஒரு சாண் நீளத்துக்குள் அடக்கி நிறம் பூசுகிறான். பூண்டுலோயாவுக்கு ரயில் கிடையாது, தலவாக்கலைக்குப் போய்த்தான் ஏற வேண்டும். வெளிநாட்டு ரயில்களின் மாதிரிகளைக் கடையில் வாங்கலாம். நம் மலையேறும் கோச்சியின் மாதிரியை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்குப் போன இரண்டரை அடி அகலப் பாதையின் ரயிலையும் செய்துவிட வேண்டும் என்பது அவனது ஆசை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்ட அந்தப் பாதை 1940களோடு முடிந்துபோனது.

ஊரில் சிலர் இதைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்கிறார்கள். உயிரற்றவற்றை உருவாக்குவதில் தடையில்லை என்று இப்னு அப்பாஸ் (ரலி) சித்திரக்காரர் ஒருவருக்குச் சொன்ன ஆலோசனை புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஆகவே ரயில் பெட்டியின் மீது அந்த வழக்கு எழாது. எழுகிற வழக்கு வேறு.

கருவியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எயார் பிரஷ்ஷின் உள்ளே ஊசி ஒன்று நீளவாக்கில் ஓடுகிறது. அதன் நுனி ஒரு சிறிய மூக்குக்குள் பொருந்தி நிற்கும். மூக்கின் துவாரம் பெரும்பாலும் அரை மில்லிமீற்றரிலும் குறைவு. விசையை அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் ஊசி விலகிப் பெயின்டுக்கு வழிவிடும். மூக்கைச் சுற்றிப் பாய்கிற காற்று பெயின்டை இழுத்துத் துகளாக்கிக்கொண்டு போகும். பெயின்டைப் பால் பதத்துக்குத் தின்னரில் கரைத்திருக்க வேண்டும். தடித்தால் அடைக்கும், நீர்த்தால் வழியும். மூடுபனி இறங்கும் இரவுகளில் அவன் லக்கர் வேலையைத் தொடுவதில்லை. தின்னர் சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, பெயின்ட் வெள்ளையாகப் பூத்துவிடும். நம் பக்கத்தில் வருடத்தின் பாதி இரவுகள் இப்படித்தான் கழிகின்றன.

இனிக் கழுவுதல். ஒவ்வொரு நிற மாற்றத்துக்கும் கிண்ணத்தைக் காலி செய்து, துடைத்து, தின்னர் ஊற்றி, நிறமற்று வரும்வரை அடிக்க வேண்டும். பிறகு மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு காற்றைத் திறந்தால் அது பின்னோக்கிப் போய்க் கிண்ணத்தில் குமிழியிடும். ஒட்டிக்கொண்டிருந்ததெல்லாம் அப்போது மேலே வரும். வேலை முடிந்ததும் பின்னாலுள்ள திருகைத் தளர்த்தி ஊசியை வெளியே எடுத்து, அடியிலிருந்து நுனியை நோக்கி உருட்டி உருட்டித் துடைக்க வேண்டும். நுனி ஒரு மயிரிழை வளைந்தாலும் பெயின்ட் தெறிக்கும். கருவியை முழுதாகத் தின்னரில் ஊறப்போடவும் கூடாது, உள்ளேயிருக்கும் றப்பர் வளையங்கள் கெட்டுவிடும். ஐந்து நிமிடம் அடித்ததற்கு இருபது நிமிடம் கழுவுகிறான். நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வுழூச் செய்கிறவனின் நிதானம் அதில் இருக்கிறது.

உண்மையில் வுழூவோடு அவனுக்கு நேரடிச் சிக்கலே உண்டு. பெயின்ட் நஜீஸ் கிடையாது, ஆனால் தோலில் படலமாக ஒட்டிக்கொள்கிறது. அதன் கீழே தண்ணீர் படாது. மருதோன்றி வெறும் நிறம் என்பதால் வுழூவைத் தடுப்பதில்லை. பெயின்ட் ஒரு தோல்மேல் தோல். ஆகவே தொழுகைக்கு முன் அவன் கைகளைத் தின்னரால் துடைத்து, பிறகு சவர்க்காரம் போட்டு, அதன்பின்தான் தண்ணீருக்குப் போகிறான். நமது ஃபிக்ஹ் அசுத்தத்தையும் தடையையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பதன் நுட்பம் எனக்கு அவனுடைய கையைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

அழுக்கு என்பது இடம் தவறிய பொருள் என்ற கருத்தை மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் வெளியான தமது நூலில் விரித்துரைத்தார். ரயில் மாதிரி செய்கிறவர்களின் மேசை அதற்கு நல்ல சாட்சி. புதிதாகப் பூசிய பெட்டி பளபளவென்றிருந்தால் அது பொம்மை போலிருக்கிறது என்று அவர்கள் திருப்திப்படுவதில்லை. அதன்மேல் பிரேக் தூசியின் செம்பழுப்பையும், எஞ்சின் புகையின் கருமையையும், ஜன்னலுக்குக் கீழே மழை வழிந்த கோட்டையும் மெலிதாகத் தூவுவார்கள். அழுக்கை நிறமாகப் பூசுகிறார்கள், மிஞ்சிய நிறத்தை அழுக்காகக் கழுவுகிறார்கள். இரண்டும் ஒரே கிண்ணத்திலிருந்த ஒரே திரவம்.

மேரி டக்ளஸோடு இதுவரைதான் என்னால் போக முடிகிறது. கழுவிய தின்னர் ஓடையில் விழுந்தால், நமது ஒழுங்கு குலைந்தது என்பதோடு விஷயம் முடிவதில்லை. நாம் அதை அழுக்கு என்று அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் தவளைக்குஞ்சு செத்துப்போகும்.

இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் சொல்கிற சித்திரக்காரர் கதையை நம்மில் பலர் பயான்களில் கேட்டிருப்போம். சீனரும் ரோமரும் மன்னன் முன் போட்டியிட்டார்கள். ஆளுக்கொரு சுவர், நடுவில் திரை. ரோமர் அபூர்வமான நிறங்களால் தீட்டினார்கள். சீனர் நிறமே கேட்காமல் தங்கள் சுவரைத் துலக்கிக்கொண்டே இருந்தார்கள். திரை விலகியபோது எதிர்ச்சுவரின் சித்திரம் முழுவதும் துலக்கிய சுவரில் இன்னும் பிரகாசமாகத் தெரிந்தது. மௌலானா ரூமியின் மஸ்னவியிலும் இதே கதை வருகிறது, ஆனால் தரப்புகள் இடம் மாறி, ரோமர் துலக்குகிறவர்களாகிறார்கள். உள்ளத்தைத் துலக்குவதற்கு உவமையாகச் சொன்ன கதை. அந்த அளவில் அதன் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் எயார் பிரஷ் கழுவுகிறவனைப் பார்த்திருந்தவனுக்கு ஒரு பாமரக் கேள்வி எழாமல் போகாது. சுவரிலிருந்து தேய்த்தெடுத்ததை அவர்கள் எங்கே கொட்டினார்கள்? அதை அள்ளிக்கொண்டு போனவர் யார்? அரண்மனையில் அந்த வேலைக்கென்று ஓர் ஆள் இருந்திருப்பார். அவர் பெயர் கதையில் இருக்க நியாயமில்லை.

கராஜ்களில் அந்த ஆள் பெரும்பாலும் வேலை பழக வந்த பையன். பாஸ் கன்னைப் பிடிப்பார், பையன் கன்னைக் கழுவுவான். சாதாரண தரத்தோடு படிப்பை விட்ட பிள்ளைகள் இந்த வேலைக்குப் போவதை வருடாவருடம் பார்க்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு, நம் பிள்ளைகளும் உண்டு. வெறுங்கையால் தின்னரில் துழாவுவார்கள். இரண்டு பாகம் கலந்து அடிக்கிற வாகனப் பெயின்டின் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. மூக்கில் கைலேஞ்சி கட்டினால் அது நிற்காது. இதில் ஒரு வரலாற்றுக் குறும்பும் இருக்கிறது. ஒஹாயோவிலிருந்த அலன் டெவில்பிஸ் என்ற அமெரிக்க வைத்தியர் நோயாளிகளின் தொண்டையில் மருந்து தூவவென ஒரு கருவி செய்து, 1888இல் கம்பனியும் தொடங்கினார். அவருடைய மகன் தோமஸ்தான் 1907 அளவில் அந்தத் தத்துவத்தைப் பெயின்ட் அடிக்கும் கன்னாக மாற்றினார். தொண்டையைக் குணமாக்க வந்ததன் பிள்ளை இப்போது தொண்டைக்குள் என்ன தூவுகிறது என்று பாருங்கள்.

கழுவுவது நல்லொழுக்கமா, வெறும் சாமர்த்தியமா என்று ஒருவர் கேட்கலாம். கழுவாவிட்டால் மூக்கு அடைத்துவிடும், புதிது வாங்கப் பணம் வேண்டும். கான்ட் 1785இல் எழுதிய நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். சின்னப் பிள்ளை வந்தாலும் ஒரே விலைக்கு விற்கிறார், ஆனால் வியாபாரம் கெட்டுவிடக் கூடாதே என்பதற்காக. அதில் நேர்மை தெரிகிறது, ஆனால் செயலின் வேர் கடமையில் இல்லை என்பது கான்டின் வாதம். கருவியைக் கழுவுவதும் அந்தக் கடைக்காரர் காரியம்தான் என்று நினைக்கிறேன். லாபம் தன்னுடையதாக இருக்கும்வரை எவனும் சுத்தமானவன். கழுவியதை என்ன செய்கிறான் என்கிற இடத்தில்தான் ஆள் தெரிவான், ஏனெனில் அங்கே அவனுக்கு ஒரு சதமும் லாபமில்லை. யாரும் பார்ப்பதுமில்லை.

தம்பியோடு இதைப் பேசியபோது அவன் சொன்ன பதில் லேசானதில்லை.

“சேர், நான் கொட்டுறது ஒரு கரண்டி. தோட்டத்துல அடிக்கிற மருந்தைக் கணக்குப் பாருங்க.”

கணக்கு அவன் பக்கம் இருக்கிறது. 2015இல் கிளைபோசேட் களைகொல்லியைத் தடைசெய்த நாடு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தியது. பெரியவர்கள் பீப்பாய்க் கணக்கில் அடிக்கும்போது கரண்டிக்காரனிடம் வந்து நியாயம் பேசுவது எளிது, கொஞ்சம் அசிங்கமும்கூட. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓடும் ஆற்றங்கரையில் வுழூச் செய்தாலும் விரயம் கூடாது என்ற போதனையை நாம் மிம்பர்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். ஆற்றிலிருந்து ஒரு கோப்பை கூடுதலாக எடுத்தால் ஆறு வற்றிவிடாது என்பது அந்தச் சபைக்கும் தெரியும். அளவு அங்கே பேச்சுக்கு வரவேயில்லை. எடுப்பதில் அப்படியென்றால் போடுவதில் எப்படி?

எங்கள் ஊரின் பெயரிலேயே ஓயா இருக்கிறது. பூண்டுலு ஓயா கொத்மலை ஓயாவில் சேர்கிறது. அது 1985இல் முடிந்த கொத்மலை நீர்த்தேக்கத்துக்குள் போய், அங்கிருந்து மகாவலியாகிறது. பொல்கொல்லையில் ஒரு பங்கு வடமத்திய வயல்களுக்குத் திரும்புகிறது. மிச்சம் கிழக்கே சுற்றி, மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலைக் காண்கிறது. இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் மூதூர் நண்பர்களுக்கு எங்கள் மலையின் கழுவுநீர் அந்நியமானதல்ல. மேலே இருப்பவனின் சுத்தத்துக்குக் கீழே இருப்பவன் கணக்குக் கொடுக்கிறான். ஆற்றில் அப்படி, கராஜில் அப்படி, நகரங்களின் மலசலகூடங்களைத் தலைமுறை தலைமுறையாக யாரைக் கொண்டு கழுவித்தார்கள் என்பதிலும் அப்படி. அந்த மக்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். சுத்தம் ஈமானோடு சேர்ந்தது என்று நான் கரும்பலகையில் எழுதும்போது, கழுவுகிறவனும் கழுவவைக்கிறவனும் அதை ஒரே பொருளில் வாசிக்கிறார்களா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

தம்பி இப்போது கழுவிய தின்னரை வெளியே ஊற்றுவதில்லை. மூடி இறுக்கமான கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, நெருப்புக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுகிறான். சில நாட்களில் நிறமெல்லாம் அடியில் படிந்து, மேலே தின்னர் தெளிந்து நிற்கும். அதை மெதுவாக வடித்து அடுத்த முறை கழுவுவதற்கு எடுத்துக்கொள்கிறான். அதனால் தின்னர் செலவும் குறைந்திருக்கிறது. கான்ட் இருந்திருந்தால் சிரித்திருப்பார். அடியில் தங்கிய சேறு கபிலமும் சிவப்பும் கலந்து, மழைக்காலத்து ஓயாவின் நிறத்தில் இருக்கிறது. அப்படி மூன்று போத்தல்கள் சேர்ந்துவிட்டன. அவற்றை எங்கே கொடுப்பது என்று விசாரித்தான். வாங்குவதற்கு எங்கள் பக்கத்தில் ஆளில்லை. போத்தல்கள் இன்னும் அவன் மேசைக்குக் கீழேதான் இருக்கின்றன.