ஒப்பிடுதலின் அறம்: அமெரிக்கப் பெருநகரப் பாடசாலைகளின் வாசிப்பு அடைவு குறித்து ஒரு நோக்கு

ஒன்றை மற்றொன்றுடன் ஒப்பிட்டு நோக்குதல் அறிவின் தொழில். ஒப்பிட்டபின் இது மேல், அது கீழ் எனத் தீர்ப்பளித்தல் அறத்தின் பாற்பட்டது. முன்னையதில் பிழை நேரின் கணக்குத் தவறும்; பின்னையதில் பிழை நேரின் மனிதர் பழிக்கப்படுவர். இவ்விரு தொழில்களும் பிரித்தறிய இயலாவாறு கலந்து நிற்கும் துறை கல்வி. ஐக்கிய அமெரிக்காவின் பெருநகரப் பாடசாலை மாவட்டங்களிடையே வாசிப்பு அடைவை ஒப்பிடும் முயற்சி இதனை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும்.

அந்நாட்டில் ஒவ்வொரு மாநிலமும் தனக்கெனப் பரீட்சை வகுத்துக்கொள்கிறது. எனவே சிக்காகோவிற் பயிலும் பிள்ளையையும் ஹூஸ்ரனிற் பயிலும் பிள்ளையையும் ஒரே கோலால் அளத்தல் நெடுங்காலம் இயலாதிருந்தது. பெருநகரப் பாடசாலைகளின் பேரவை தானே வேண்டிக்கொண்டதன் பயனாக, தேசிய கல்வி மதிப்பீட்டின் ஒரு கூறாக 2002ஆம் ஆண்டில் இவ்வொப்பீடு தொடங்கிற்று. அற்லாந்தா, சிக்காகோ, ஹூஸ்ரன், லொஸ் ஏஞ்சல்ஸ், நியூயோர்க் ஆகிய ஐந்து நகரங்கள் முதலில் தாமாக முன்வந்தன. 2024இல் 26 மாவட்டங்கள் பங்குபற்றின. நான்காம், எட்டாம் தரங்களிலிருந்து மாதிரியாகத் தெரிவுசெய்யப்படும் மாணாக்கர் வினாக்களின் ஒரு பகுதிக்கே விடையளிப்பர். பெறுபேறு 0 முதல் 500 வரையான அளவையில் மாவட்டத்திற்கு உரியதாக வெளியிடப்படும். தனி மாணாக்கனுக்கோ ஆசிரியருக்கோ புள்ளி வழங்கப்படுவதில்லை.

இறுதியாகக் கூறியது சிறு நுணுக்கம் அன்று. அளவுகோலுடன் வெகுமதியும் தண்டனையும் பிணைக்கப்படின் கோலே வளையும் என்பதற்கு அற்லாந்தா சான்று. அங்கு 2009இல் நடைபெற்ற மாநிலப் பரீட்சையில் விடைத்தாள்கள் திருத்தப்பட்டமை குறித்து விசாரித்த மாநில அரசின் குழுவினர், 44 பாடசாலைகளைச் சேர்ந்த 178 ஆசிரியர்களும் அதிபர்களும் சம்பந்தப்பட்டிருந்தனர் என 2011இல் அறிக்கையிட்டனர். 2015இல் 11 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். ஈண்டு ஏமாற்றப்பட்டது அரசு மட்டுமன்று. வாசிக்க இயலாத பிள்ளைக்கு ‘நீ வாசிக்கிறாய்’ எனச் சான்று வழங்கி, அதற்கு உரிய உதவியைப் பறித்ததே அப்பொய்யின் பெருங்கொடுமை.

ஆயின், பொய் கலவாத புள்ளியும் முழு உண்மையைக் கூறிவிடுமா? பிள்ளைகளின் அடைவு வேறுபாடு பாடசாலை வளங்களிலும் பார்க்கக் குடும்பப் பின்னணியுடனேயே கூடுதலாகத் தொடர்புற்றுள்ளது என 1966இல் வெளிவந்த கோல்மன் அறிக்கை எடுத்துக்காட்டிற்று. வறிய பிள்ளைகளும் வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளும் நிறைந்த நகரத்தை வசதி படைத்த நகரத்துடன் வெறும் புள்ளியால் ஒப்பிடுதல், சுமையுடன் ஓடுவோனையும் சுமையின்றி ஓடுவோனையும் ஒரே கடிகாரத்தால் அளப்பதை ஒக்கும். எனவே பின்னணி வேறுபாட்டுக்கேற்பப் புள்ளிகளைச் செப்பஞ்செய்ய வேண்டும் என்பர். பேரவை 2021இல் வெளியிட்ட ஆய்வு அவ்வாறு செப்பஞ்செய்து, பெருநகரப் பாடசாலைகள் வறுமையின் விளைவை ஏனைய பாடசாலைகளை விடக் கூடுதலாக ஈடுசெய்கின்றன என முடிவுகூறிற்று.

இம்முறையும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. முடிவுகூறியவர்கள் அம்முடிவால் பெருமை பெறுவோரே என்பது ஒன்று. வறுமையை அளக்கும் கோலும் செம்மையானதன்று என்பது மற்றொன்று. இலவச மதிய உணவுக்கு உரித்துடையோர் தொகையே நெடுங்காலம் வறுமையின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் வறிய பிரதேசப் பாடசாலைகள் பல அனைவர்க்கும் இலவச உணவு வழங்கத் தொடங்கவே, அவ்வடையாளம் மங்கிற்று. இவற்றினும் ஆழமான ஆட்சேபம் ஒன்றுண்டு. ‘இவன் வறியவன், இவனிடம் இவ்வளவே எதிர்பார்க்கலாம்’ என்னும் கணக்கு, நாளடைவில் ‘இவனுக்கு இவ்வளவே போதும்’ என்னும் நியாயமாக மாறிவிடும். இரக்கமாகத் தொடங்கியது இழிவாக முடியும்.

இம்முரண்பாட்டுக்குக் காரணம், இரு வினாக்களை ஒன்றெனக் கொள்வதேயாம். ‘பாடசாலை தன் கடமையைச் செய்ததா?’ என்பது ஒன்று, ‘பிள்ளை வாசிக்கிறதா?’ என்பது மற்றொன்று. முதல் வினாவுக்குச் செப்பஞ்செய்யாது விடைகூறின் ஆசிரியருக்கு அநீதி. இரண்டாவதற்குச் செப்பஞ்செய்து விடைகூறின் பிள்ளைக்கு அநீதி. மருந்துப் புட்டியிலுள்ள அறிவுறுத்தலும் வாடகை ஒப்பந்தமும் வாக்குச்சீட்டும் வறியவனுக்கெனத் தனியே எளிமையாக அச்சிடப்படுவதில்லை.

இவ்வொப்பீட்டில் 2009இல் இணைந்தது முதல் கடைநிலையில் நின்ற டெட்ரோயிட் நகரத்து மாணாக்கர், எழுத்தறிவு தமது அடிப்படை உரிமை எனக் கோரி 2016இல் வழக்குத் தொடுத்தனர். 2020 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிபதிகள் மூவருள் இருவர் அதனை ஏற்றனர். அடுத்த மாதம் மாநிலத்துடன் இணக்கம் ஏற்பட்டது. அந்நீதிமன்றத்தின் முழு அமர்வோ அத்தீர்ப்பை நீக்கிற்று. சட்டத்தில் அவ்வுரிமை நிலைபெறவில்லை. ஆயினும் அப்பிள்ளைகள் கேட்டது வேறெந்த நகரத்தையும் முந்துவதையன்று, வாசிக்கக் கற்பிக்கப்படுவதையே. எந்த நகரம் எத்தனையாவது என்பதைக் கூறும் பட்டியல், எந்தப் பிள்ளைகளுக்கு எவ்வுதவி இன்னும் கடனாயுள்ளது என்பதையும் சுட்டுமாயின் அவ்வொப்பீடு அறத்தின் கருவியாகும். இன்றேல் அது நகரங்களின் பெருமையையும் சிறுமையையும் எழுதிவைக்கும் ஏடாகவே எஞ்சும்.