பிறர் உயிரைப் பிணை வைக்கலாமா?

ஒருவரை நமக்காகப் பேச அனுப்புகிறோம். எதைப் பேச அவருக்கு உரிமை தந்தோம், எதைப் பேசத் தரவில்லை என்ற கேள்வி, சட்டமன்றங்களும் நாடாளுமன்றங்களும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே மனித சமுதாயத்தின் முன் நின்ற கேள்வியாகும். நம் இல்லங்களில் நிக்காஹ் நடைபெறும்போது வக்கீலும் சாட்சிகளும் மணமகளிடம் சென்று சம்மதம் கேட்டு வருகின்றனர். அவள் எதற்குச் சம்மதித்தாளோ அதை மட்டுமே வக்கீல் சபையில் எடுத்துரைக்கலாம். அவள் கேட்ட மஹரைத் தம் விருப்பப்படி குறைக்க அவருக்கு உரிமையில்லை. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் சேர்த்துச் சம்மதம் சொல்லிவிட்டு வர அவரால் ஆகாது. வக்காலத்து ஓர் அமானிதம். அதைக் கொடுத்தவர் வகுத்த எல்லையோடு அது முடிந்துவிடுகிறது.

வீட்டளவில் குழந்தைக்கும் புரிகின்ற இந்த நீதி, நாட்டளவில் எத்துணைக் கடினமாகிவிடுகிறது என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்க வரலாற்றில் ஒரு மனிதரின் வாழ்வு சான்றாக நிற்கிறது. அவர் பெயர் பிளேஸ் டியாஞ். 1914 முதல் 1934-இல் கண் மூடும்வரை, ஐந்து தேர்தல்களில் வென்று இருபது ஆண்டுகள் செனகலின் பிரதிநிதியாகப் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தவர். அந்த மன்றத்துக்கு ஆப்பிரிக்க மண்ணிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவரும் அவரே.

நான்கு ஊர்களின் உரிமை

டக்கார் நகரின் எதிரே கடலில் கிடக்கும் சிறிய தீவு கோரே. அடிமை வணிகத்தின் நினைவைச் சுமந்து நிற்கும் அந்தத் தீவில், ஒரு சமையற்காரரின் மகனாக 1872-ஆம் ஆண்டு டியாஞ் பிறந்தார். வசதி படைத்த ஒரு கலப்பினக் கிறிஸ்தவக் குடும்பம் அவரை எடுத்து வளர்த்துப் படிக்க வைத்தது. பிளேஸ் என்ற பெயரும் அவர்கள் இட்டதே. 1892-இல் சுங்கத் துறையில் சேர்ந்து, தகோமி, காங்கோ, ரீயூனியன், மடகாஸ்கர், பிரெஞ்சு கயானா எனக் குடியேற்ற நாடு தோறும் மாற்றப்பட்டார். மேலதிகாரிகளிடம் பணிந்து போகாத இயல்பே அவரை ஓரிடத்தில் தங்க விடவில்லை.

அக்காலச் செனகலில் கோரே, சேன் லூயி, ருஃபிஸ்க், டக்கார் என்னும் நான்கு ஊர்களுக்கு மட்டும் ஒரு தனிச் சிறப்பு இருந்தது. அவற்றின் மக்கள் நிற வேறுபாடின்றி வாக்களிக்கலாம். பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பலாம். அவ்வூர்களின் எல்லையைத் தாண்டிவிட்டால், மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட பல இலட்சம் மக்கள் வெறும் ‘பிரஜைகள்’. அவர்களை நீதிமன்ற விசாரணை இன்றியே தண்டிக்க அதிகாரிக்கு உரிமை உண்டு. கூலியற்ற கட்டாய வேலை உண்டு, தலைவரி உண்டு. வாக்கு மட்டும் இல்லை.

நான்கு ஊர்களின் உரிமையும் உறுதியான அடித்தளத்தில் நிற்கவில்லை. அங்குள்ள ஆப்பிரிக்கர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். திருமணம், வாரிசுரிமை ஆகியவற்றில் அவர்கள் ஷரீஅத்தின்படி நடந்தனர். அதற்கென 1857-லேயே சேன் லூயியில் முஸ்லிம் நீதிமன்றம் ஏற்படுத்தப்பட்டிருந்தது. இதையே அதிகாரிகள் குறையாகக் காட்டினர். “நீங்கள் காஜியிடம் செல்கிறீர்கள், ஆகவே நீங்கள் வாக்காளர்களே தவிரக் குடிமக்கள் அல்லர்” என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். வாக்காளர் பட்டியல்களிலிருந்து பெயர்கள் நீக்கப்படலாயின.

பிரெஞ்சு ஆட்சியை அறிந்த புதுச்சேரி, காரைக்கால் தமிழர்க்கு இச்சிக்கல் புதிதன்று. அங்கிருந்தும் பாரிஸுக்கு ஓர் உறுப்பினர் சென்றார். அங்கும், தம் சமுதாயத்தின் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்போர்க்கு வழி வகுத்து 1881-இல் ஓர் ஆணை பிறந்தது. துறந்தவர்க்கே முழு உரிமை என்பது அதன் உட்பொருள்.

1914 மே மாதம், வெள்ளையரையும் கலப்பினத்தவரையும் தேர்தலில் தோற்கடித்து டியாஞ் வென்றார். சில மாதங்களில் உலகப் போர் மூண்டது. அவர் அரசிடம் வைத்த வேண்டுகோள் பலரையும் வியக்க வைத்தது. நான்கு ஊர்களின் இளைஞர்களைக் குடியேற்ற நாட்டுப் படையில் அல்லாமல், பிரெஞ்சுக்காரர்களுக்கு உரிய முறைப்படையிலேயே அவர்களுக்குச் சமமாகச் சேர்க்க வேண்டும் என்று அவர் கேட்டார். கடமையில் சமம் என்றால் உரிமையிலும் சமம் என்பது அவரது கணக்கு. 1915 அக்டோபர் 19-ஆம் நாள் சட்டம் கடமையைத் தந்தது. 1916 செப்டம்பர் 29-ஆம் நாள் சட்டம், நான்கு ஊர்களின் மக்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் பிரெஞ்சுக் குடிமக்களே, என்றும் அவ்வாறே இருப்பர் என்று உறுதி செய்தது. தம் மார்க்கச் சட்டத்தை எவரும் துறக்க வேண்டியிருக்கவில்லை. தாம் முஸ்லிமாக வளராதவராயினும், தமக்கு வாக்களித்த முஸ்லிம்களின் அமானிதத்தை டியாஞ் பழுதின்றி நிறைவேற்றினார்.

பிறப்பால் வரவேண்டிய உரிமையை இரத்தத்தைக் காட்டி வாங்க நேர்ந்தது அநீதியே. ஆனால் அந்த அநீதி, கொடுக்க மறுத்த ஆட்சியைச் சார்ந்தது. விலையைக் கொடுத்தவர்களும் பொருளைப் பெற்றவர்களும் ஒரே மக்கள். அவர்களே டியாஞைத் தேர்ந்து அனுப்பியவர்கள். எனவே இதுவரை வக்கீல் தம் எல்லையைக் கடக்கவில்லை.

1918

நமது கேள்வி இனிமேல்தான் தொடங்குகிறது.

வாக்கற்ற ‘பிரஜை’களையும் பிரான்சு போருக்குப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. ஊர்த் தலைவருக்கு இத்தனை பேர் எனக் கணக்கிட்டு, மறுத்தவர்களைக் கட்டி இழுத்துவந்தனர். 1915, 1916-ஆம் ஆண்டுகளில் வோல்டா ஆற்றுப் பகுதியிலும் பிற இடங்களிலும் இதை எதிர்த்துப் பெருங் கிளர்ச்சிகள் எழுந்தன. கிராமங்கள் பீரங்கியால் அழிக்கப்பட்டன. 1917 ஏப்ரலில் பிரான்சின் வடகிழக்கே நடந்த தாக்குதலில், பனியிலும் மழையிலும் விறைத்துப்போன ஆப்பிரிக்கப் படையினர் ஆயிரக்கணக்கில் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். அவ்வாண்டு ஜூன் 29-ஆம் நாள் நாடாளுமன்றத்தின் இரகசியக் கூட்டத்தில் எழுந்து, இப்படுகொலைக்குப் படைத்தலைமையே பொறுப்பு என்று இடித்துரைத்தவர் டியாஞ். வாக்கற்றோருக்காகவும் வாய் திறந்த அந்த நாள் அவர் வாழ்வின் பெருமைக்குரிய நாட்களில் ஒன்று.

ஆறே மாதங்கள் சென்றன. 1918 ஜனவரியில் பிரதமர் கிளெமான்சோ, மேற்கு ஆப்பிரிக்காவில் மேலும் ஆள் திரட்டும் பணிக்கு டியாஞையே குடியரசின் ஆணையராக நியமித்தார். கவர்னர் ஜெனரலுக்கு ஒப்பான பதவி அது. அப்போதைய கவர்னர் ஜெனரல் வான் வோலன்ஹோவன், இனியும் ஆள் பிடித்தால் நாடு தாங்காது என்று எச்சரித்தவர். தம் அதிகாரம் பிளவுபடுவதையும் ஏற்காமல் பதவி விலகிப் போர்முனைக்குத் திரும்பி, அவ்வாண்டு ஜூலையில் உயிர் நீத்தார். ஆள வந்த வெள்ளையர் ஒருவர் மறுத்துவிட்டுச் சென்ற பணியை, அம்மண்ணில் பிறந்த மகன் ஏற்று முடித்தார் என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

விருதுகள் மின்னும் ஆப்பிரிக்கப் படை அதிகாரிகள் சூழ, டியாஞ் ஊர் ஊராகச் சென்றார். வெள்ளைக் கவர்னர்கள் ஒரு கறுப்பருக்கு மரியாதை செய்வதை மக்கள் முதன்முறையாகக் கண்டனர். வீர விருது பெறும் படையாளுக்குக் குடியுரிமை, வரிவிலக்கு, திரும்பி வந்தால் வேலை, மருத்துவப் பள்ளி என வாக்குறுதிகள் பல அளிக்கப்பட்டன. மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டும் 63,000-க்கு மேற்பட்டோர் திரண்டனர். அரசு எதிர்பார்த்ததைவிட இது மிகுதி. நவம்பரில் போர் முடிந்துவிட்டதால், இவர்களில் பலர் களத்தைக் காணாமலே தப்பினர். ஆயினும் அந்தப் போர் முழுவதிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சென்றோரில் ஏறத்தாழ 30,000 பேர் திரும்பவில்லை.

இரு பக்க வாதம்

டியாஞின் சார்பில் சொல்லத்தக்கவை உண்டு. அவர் போகாவிட்டாலும் பிரான்சு ஆள் பிடித்தே இருக்கும்; சாட்டையின் இடத்தில் சொல்லை வைத்தாரே, அது கருணையல்லவா? நான்கு ஊர்கள் கடந்த பாதையில்தானே மற்றவர்களையும் அழைத்துச் சென்றார்? இரத்தம் சிந்தியவனுக்கு இனி எவர் ‘இல்லை’ என்று சொல்ல முடியும்?

இவ்வாதங்களை எளிதில் தள்ளிவிட இயலாது. இருந்தாலும் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. பமாக்கோவின் உழவனும் வோல்டாவின் ஆயனும் டியாஞுக்கு வாக்களித்தவர்களா? அவர் சொன்னது பிடிக்கவில்லையென்றால் அடுத்த தேர்தலில் அவரை அகற்ற அவர்களால் முடியுமா? நான்கு ஊர்களுக்கு முதலில் சட்டம் வந்தது; மற்றவர்களுக்கு வந்ததோ வெறும் வாக்குறுதி. முன்னவர்களுக்குக் கடமையும் உரிமையும் ஓராண்டு இடைவெளியில் கிடைத்தன. பின்னவர்களின் கடமை உடனே வசூலிக்கப்பட்டது. உரிமையோ தவணைக்குத் தள்ளப்பட்டது. விருது வென்ற சிலரைத் தவிர, உயிரோடு திரும்பியவர்கள் அதே கட்டாய வேலைக்கும் அதே விசாரணையற்ற தண்டனைக்குமே திரும்பினர்.

சாட்டை அடித்து இழுக்கும்போது, இழுக்கப்படுபவன் தனக்கு அநீதி நடக்கிறது என்பதையாவது அறிவான். தன் நிறத்தவர் ஒருவர் தோளில் கைவைத்து அழைக்கும்போது, அவன் தன் நம்பிக்கையையும் சேர்த்தே கொடுக்கிறான். அதனால்தான் சொல்லால் திரட்டியவரின் பொறுப்பு, சாட்டையால் திரட்டியவரின் பொறுப்பைவிடப் பெரியது.

1924-இல், எழுத்தாளர் ரெனே மரான் ஈடுபட்டிருந்த ஒரு பாரிஸ் பத்திரிகை, தாம் திரட்டிய ஒவ்வொரு தலைக்கும் டியாஞ் தரகு பெற்றார் என்று எழுதியது. அவர் வழக்குத் தொடர்ந்து வென்றார், பத்திரிகை நின்றுபோயிற்று. கைக்கூலி வாங்கினார் என்று நாமும் கருதவேண்டியதில்லை. அவர் மீதுள்ள கேள்வி பணத்தைப் பற்றியதன்று. கைசுத்தமான மனிதரும், தம்மிடம் ஒப்படைக்கப்படாததைப் பிணை வைத்துவிட முடியும் என்பதே நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

ஒருமுறை எல்லையைக் கடந்தபின் திரும்புவது எளிதாக இல்லை. 1930-இல் ஜெனீவாவில் கட்டாய உழைப்பைத் தடைசெய்ய உலகத் தொழிலாளர் மாநாடு கூடியபோது, பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சியின் நடைமுறைகளைக் காத்துப் பேச நிறுத்தப்பட்டவர் டியாஞ். அடுத்த ஆண்டே குடியேற்ற நாடுகளுக்கான துணை அமைச்சராகி, பிரெஞ்சு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் ஆப்பிரிக்கரானார். பதவி உயர்ந்தது, ஆனால் யாருக்காகப் பேசுகிறார் என்ற கேள்விக்கு விடை மங்கிப்போயிற்று. 1934 மே 11-ஆம் நாள் அவர் காலமானார்.

விலை கேளாத சட்டம்

அவர் விட்டுச் சென்ற குறையை நிறைவு செய்தவர் மற்றொரு செனகல் உறுப்பினரான லமீன் கெய். வழக்கறிஞரான அவர் நான்கு ஊர்ப் பாரம்பரியத்தில் வந்த முஸ்லிம். 1944 டிசம்பர் முதல் நாள், டக்கார் அருகே தியாரோய் முகாமில், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆப்பிரிக்கப் படையினர் தமக்கு வரவேண்டிய சம்பளத்தைக் கேட்டனர். பிரெஞ்சுப் படை அவர்களைச் சுட்டு வீழ்த்தியது. அது படுகொலையே என்று பிரெஞ்சு அதிபர் ஒப்புக்கொள்ள 2024 வரை எண்பது ஆண்டுகள் ஆயின. உயிர் பிழைத்து, குற்றவாளிகளாக நிறுத்தப்பட்ட படையினருக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் லமீன் கெய். இரத்தம் சிந்தினால் உரிமை வரும் என்ற பழைய கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை அவர் நேரில் கண்டார்.

1946 மே 7-ஆம் நாள் அவர் பெயராலேயே வழங்கும் சட்டம் நிறைவேறிற்று. பிரான்சின் கடல்கடந்த நாடுகளின் பிரஜைகள் அனைவரும் குடிமக்கள் என்று அது அறிவித்தது. எந்தப் படையில் இருந்தாய், என்ன விருது பெற்றாய், எந்தச் சட்டத்தைத் துறந்தாய் என்று அது கேட்கவில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஏப்ரல் 11-ஆம் நாள், கட்டாய உழைப்பும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டிருந்தது. வாக்குரிமை அனைவர்க்கும் சமமாக வர மேலும் பத்து ஆண்டுகள் ஆயின என்பது உண்மை. எனினும் உரிமைக்கு விலை பேசும் வழக்கம் அன்றே சட்டத்திலிருந்து விலகியது. லமீன் கெய் பின்னர் விடுதலை பெற்ற செனகலின் தேசிய சபைத் தலைவராகி, 1968-இல் இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார்.

டியாஞ் இல்லாமல் லமீன் கெய் இல்லை என்பாரும் உளர். அதில் உண்மை இருக்கிறது. 1916-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த கதவின் வழியாகத்தான் பின்னவர் நுழைந்தார். 2017-இல் டக்கார் அருகே திறக்கப்பட்ட பன்னாட்டு விமான நிலையத்துக்கு டியாஞின் பெயரைச் சூட்டிய செனகல் மக்கள் நன்றி மறவாதவர்கள். நன்றி ஒரு கடன். மதிப்பீடு வேறொரு கடன். ஒன்றைச் செலுத்துவதால் மற்றொன்று தீர்ந்துவிடுவதில்லை.

இது தொலைவிலுள்ள ஒரு நாட்டின் கதை மட்டுமா? ஊர் ஜமாஅத்தில் அமர்ந்து வக்ஃபு நிலத்தைப் பற்றி முடிவு செய்பவரும், மகளின் மணத்தைப் பேசி முடிக்கும் தந்தையும், தொழிலாளருக்காக முதலாளியிடம் பேசச் செல்லும் தலைவரும், ஏதோ ஓர் அளவில் பிறருடைய வக்கீல்களே. நல்லெண்ணம் அவர்கள் எல்லோரிடமும் இருக்கலாம். டியாஞிடமும் அது இருந்தது. பேச்சு முடிந்து திரும்பும்போது, ‘இதற்குரிய விலையைக் கொடுக்கப் போகிறவர் யார்? அவரைக் கேட்டேனா?’ என்று அவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். கேட்கவில்லையென்றால், திரும்பிப் போய்க் கேட்டு வருவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. சம்மதம் கேட்டு வர மணமகளிடம் செல்லும் வக்கீல், அவள் வாய் திறக்கும்வரை வாசலில் காத்து நிற்கிறார் அல்லவா?